39 வயதில் ஓர் உலகக்கோப்பை... கடப்பாக்கத்தில் ஒரு கேள்வி!

2025 டிசம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை. சென்னை எக்ஸ்பிரஸ் அவென்யூ மாலுக்குள் கண்ணாடிச் சுவர்களால் ஒரு கோர்ட். ஸ்குவாஷ் உலகக்கோப்பை இறுதிப்போட்டி. எதிரில் ஹாங்காங். இந்தியா சார்பில் முதலில் கோர்ட்டுக்குள் போனவர் ஜோஷ்னா சின்னப்பா. வயது 39. எதிரே நின்ற லீ கா யீ, தரவரிசையில் ஜோஷ்னாவைவிட வெகுவாக முன்னால் இருப்பவர். ஜோஷ்னா 3-1 என்று ஜெயித்தார். அடுத்து அபய் சிங், அதற்கடுத்து 17 வயது அனாஹத் சிங். 3-0. இந்தியாவுக்கு முதல் ஸ்குவாஷ் உலகக்கோப்பை!

சென்னை பெண் என்பதால் நம் ஊரில் செய்தி கொஞ்சம் கூடுதலாகவே ஓடியது. எனக்கு அந்தச் செய்தியில் ஒட்டிக்கொண்டது கோப்பை இல்லை, அந்த 39.

என் சொந்த ஊர் கடப்பாக்கம். சென்னையிலிருந்து ஈ.சி.ஆர் வழியாகப் போகும் புதுச்சேரி பஸ்ஸில் ஏறி, மாமல்லபுரம், கல்பாக்கம் தாண்டிப் போனால் வரும். ஆலம்பரைக் கோட்டைக்குப் போட்டோ எடுக்க வருகிறவர்களுக்குப் பெயர் தெரிந்திருக்கும். எங்கள் ஊரில் 39 வயதுப் பெண் என்றால் அவருக்கென்று ஒரு கணக்கு உண்டு. மூத்த பிள்ளை பிளஸ் டூ முடித்திருக்கும். சிலர் மாமியார்கூட ஆகியிருப்பார்கள். முழங்கால் வலிக்குத் தைலம் தேய்க்க ஆரம்பித்திருப்பார்கள். 'ஓடு' என்று சொன்னால் சிரிப்பார்கள்.

அந்த வயதில் ஒரு பெண் நாட்டுக்காக ஓடிக்கொண்டிருக்கிறார். எப்படி முடிந்தது? யாரெல்லாம் சேர்ந்து இதை முடிய வைத்தார்கள்? இந்தக் கேள்வி எனக்கு வெறும் செய்தியாக இல்லை. ஏனென்றால் அதே நேரத்தில் எங்கள் வீட்டில் ஒரு பஞ்சாயத்து ஓடிக்கொண்டிருந்தது.

சித்தி மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். வீட்டில் அவளுக்குப் பெயர் குட்டி. குட்டியாக ஒன்றும் இல்லை, இப்போதே என் உயரம். வாலிபால் ஆடுகிறாள். பள்ளியில் பி.டி மிஸ், "இவளை ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல் செலக்‌ஷனுக்கு அனுப்புங்க" என்று சித்தியிடம் சொல்லிவிட்டார். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதியில் இடம் கிடைத்தால் தங்குவது, சாப்பாடு, பயிற்சி எல்லாம் அங்கேயே. சித்தப்பா பாதி மனசாகச் சரி என்றார். சித்தி முடியாது என்றார். அவள் பெரிய மனுஷி ஆகி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது.

"நீதான் பேப்பர்ல இருக்கியே, நீயே சொல்லு. வெளையாட்ட நம்பி ஒரு பொண்ணு காலத்த ஓட்ட முடியுமா?"

நான் வேலை பார்ப்பது பேப்பரில் இல்லை, டிஜிட்டல் டெஸ்க்கில். இந்த வித்தியாசத்தைச் சித்திக்குப் புரியவைக்கும் முயற்சியை மூன்று வருடம் முன்பே விட்டுவிட்டேன். ஆனால், கேள்வி நியாயமானது. பதிலைத் தேடித்தான் ஜோஷ்னாவின் கதையை முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.

சிறைச் சுவரில் பிறந்த ஆட்டம்

ஸ்குவாஷ் நம்மில் பலர் பார்த்தே இராத ஆட்டம். டென்னிஸில் எதிராளி வலைக்கு அந்தப் பக்கம் நிற்பார். இதில் இரண்டு பேரும் ஒரே அறைக்குள். 9.75 மீட்டர் நீளம், 6.4 மீட்டர் அகலம். நான்கு பக்கமும் சுவர். முன்சுவரில் பந்தை அடிக்க வேண்டும், அது தரையில் இரண்டாவது முறை குத்துவதற்குள் எதிராளி எடுக்க வேண்டும். அவ்வளவுதான் விதி. ஆனால், இடிக்காமல், வழிவிட்டு, ராக்கெட் வீசி, மூச்சு வாங்காமல் ஆடுவது இருக்கிறதே... ஒரு ஆட்டம் ஒரு மணி நேரத்தைத் தாண்டும்போது ஆடுகிறவர்களின் நெஞ்சுக்கூடு ஏறி இறங்குவதைக் கண்ணாடிக்கு வெளியிலிருந்தே பார்க்கலாம்.

இதன் பூர்வீகம் சுவாரஸ்யமானது. 'ராக்கெட்ஸ்' என்ற பழைய ஆட்டத்தை லண்டனின் ஃப்ளீட் சிறையில் கைதிகள் சுவரில் பந்தடித்து ஆடியிருக்கிறார்கள். கடன் கட்ட முடியாமல் உள்ளே போனவர்கள்தான் அங்கே நிறைய. அந்த ஆட்டம் 19-ம் நூற்றாண்டில் ஹாரோ என்ற பணக்காரப் பள்ளிக்குப் போனது. அங்கே மாணவர்கள் ஓட்டை விழுந்து அமுங்கும் ரப்பர் பந்தை வைத்து ஆடிப் பார்க்க, ஸ்குவாஷ் பிறந்தது. பிறகு பிரிட்டிஷ் ராணுவத்தோடு கப்பலேறி நம் நாட்டுக்கும் வந்து, கன்டோன்மென்ட்டிலும் கிளப்புகளிலும் உட்கார்ந்துகொண்டது. கடனாளிகள் ஆடிய ஆட்டம் கடைசியில் கார் வைத்திருப்பவர்கள் ஆட்டம் ஆகிவிட்டது!

இன்னொரு விஷயம், பந்து. தொழில்முறைப் போட்டிகளில் இரண்டு மஞ்சள் புள்ளி வைத்த பந்தைப் பயன்படுத்துவார்கள். கண்ணாடி கோர்ட் என்றால் வெள்ளைப் பந்து. 40 மில்லிமீட்டர் விட்டம், சுமார் 24 கிராம் எடை. பையிலிருந்து எடுத்துத் தரையில் போட்டால் எழும்பவே எழும்பாது. செத்த பந்து மாதிரி கிடக்கும். ஆட்டம் தொடங்கும் முன் இரண்டு பேரும் சில நிமிடங்கள் மாறி மாறிச் சுவரில் அடித்துச் சூடாக்குவார்கள். உள்ளே இருக்கும் காற்று சூடான பிறகுதான் பந்துக்கு உயிர் வரும்.

நான் பிறப்பதற்கு முன்பே சாம்பியன்

ஜோஷ்னா பிறந்தது 1986 செப்டம்பரில், சென்னையில். குடும்பம் குடகு. அப்பா அஞ்சன் சின்னப்பா தமிழ்நாட்டு அணிக்காக ஸ்குவாஷ் ஆடியவர். மகளுக்கு முதல் கோச்சும் அவரே. சிறு வயதிலேயே ராக்கெட் பிடித்த ஜோஷ்னா, 2000-ல் தேசிய சாம்பியன். அப்போது வயது 14. சீனியர் பிரிவில் அந்தப் பட்டத்தை அவ்வளவு சிறிய வயதில் அதற்கு முன் யாரும் வென்றதில்லை.

2000-ல் நான் பிறக்கவில்லை. அனாஹத் பிறக்க இன்னும் எட்டு வருடம் இருந்தது. அந்த அனாஹத்துடன் ஒரே அணியில் நின்று 2025-ல் கோப்பை வாங்கியிருக்கிறார். ஒரு தலைமுறை வந்து போய் அடுத்ததும் வந்துவிட்டது. இவர் மட்டும் கோர்ட்டிலேயே இருக்கிறார்.

2005-ல் பிரிட்டிஷ் ஜூனியர் ஓபன் பட்டத்தை 19 வயதுக்கு உட்பட்டோர் பிரிவில் வென்றார். அந்தப் பட்டத்தை வென்ற முதல் இந்தியப் பெண். 'இனி உலகத்தின் உச்சிதான்' என்று எல்லோரும் எழுதியிருப்பார்கள். அந்த இடத்தில்தான் நாம் நிதானமாகப் பார்க்க வேண்டும். உச்சி உடனே வரவில்லை. ஜூனியர் ஆட்டம் வேறு, தொழில்முறை சுற்று வேறு. ஊர் ஊராகப் பறக்க வேண்டும். முதல் சுற்றில் தோற்றால் அன்று இரவே பெட்டியைக் கட்ட வேண்டும். டிக்கெட், தங்குமிடம், பிசியோ, கோச், ராக்கெட் எல்லாம் செலவு. பரிசுப் பணமோ மேலே இருக்கும் சிலருக்குத்தான் கையில் நிற்கும். கிரிக்கெட் மாதிரி ஏலமும் கிடையாது, தினமும் டி.வி-யும் கிடையாது.

நடுவில் முழங்கால் காயம். மாதக்கணக்கில் ஆட முடியாமல் உட்கார்ந்தார். மீண்டு வந்து 2012-ல் சென்னை ஓபன் பட்டத்தை ஜெயித்தார். 2014-ல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் தீபிகா பள்ளிக்கலுடன் இரட்டையர் தங்கம். காமன்வெல்த் ஸ்குவாஷில் இந்தியாவுக்கு அதுதான் முதல் தங்கம். உலகத் தரவரிசையில் 10-ம் இடத்தைத் தொட்டது 2016-ல்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 14 வயதில் தேசிய சாம்பியன். உலகத்தின் முதல் பத்துக்குள் வர இன்னும் 16 வருடம். நம் வீடுகளில் ஒரு பெண்ணுக்கு 16 வருடம் யார் கொடுப்பார்கள்? இரண்டு வருடத்தில் மெடல் வராவிட்டால், 'போதும், படிப்பைப் பாரு' என்று சொல்லிவிட மாட்டோமா?

அதற்குப் பிறகும் நிற்கவில்லை. 2017-ல் சென்னையில் ஆசிய சாம்பியன். 2019-ல் மறுபடியும். அதே 2019-ல் 17-வது தேசியப் பட்டம். ஆல்வாரைச் சேர்ந்த புவனேஸ்வரி குமாரி 1977 முதல் 1992 வரை தொடர்ச்சியாக வாங்கிய 16 பட்டங்களின் சாதனையை அது தாண்டியது. பிறகு 18-வதும் வந்தது. 2024-ல் பத்மஸ்ரீ. காயங்கள் மறுபடி வந்தன. தரவரிசை முதல் 50-க்கு வெளியே சரிந்தது. 'ஓய்வு எப்போது?' என்று கேட்கும் நேரத்தில், 2025 அக்டோபரில் யோகோஹாமாவில் ஜப்பான் ஓபன் பட்டத்தை வென்றார். இரண்டே மாதத்தில் உலகக்கோப்பை.

தீபிகாவின் நான்கு வருடங்கள்

சித்தியிடம் சொல்வதற்கென்று நான் எடுத்துவைத்த இன்னொரு பெயர், தீபிகா பள்ளிக்கல். இவரும் சென்னை. அம்மா சூசன் இட்டிசெரியா இந்தியாவுக்காக கிரிக்கெட் ஆடியவர். உலகத் தரவரிசையில் முதல் பத்துக்குள் நுழைந்த முதல் இந்தியப் பெண், 2012-ல்.

ஆனால், அதே 2012-லிருந்து 2015 வரை தேசிய சாம்பியன்ஷிப்பில் தீபிகா ஆடவே இல்லை. காரணம், ஆண்களுக்கும் பெண்களுக்கும் பரிசுப் பணம் வேறு வேறாக இருந்தது. 'ஒரே கோர்ட், ஒரே பந்து, காசு மட்டும் ஏன் குறைவு?' என்பதுதான் கேள்வி. நான்கு வருடம். ஒரு விளையாட்டு வீராங்கனைக்கு அது எவ்வளவு பெரிய விலை! 2016-ல் பரிசுத்தொகை சமமாக்கப்பட்டது. தீபிகா திரும்பி வந்தார், பட்டத்தையும் ஜெயித்தார்.

2021 அக்டோபரில் தீபிகாவுக்கு இரட்டைக் குழந்தைகள். 2022 ஏப்ரலில் கிளாஸ்கோவில் உலக இரட்டையர் சாம்பியன்ஷிப். சௌரவ் கோஷலுடன் கலப்பு இரட்டையர், ஜோஷ்னாவுடன் பெண்கள் இரட்டையர், இரண்டிலும் தங்கம். குழந்தை பிறந்து ஆறு மாதம்! 2023 ஹாங்சோ ஆசியப் போட்டியில் ஹரிந்தர் பால் சந்துவுடன் சேர்ந்து மறுபடி தங்கம்.

இதைப் படித்தபோது எனக்கு அம்மா ஞாபகம் வந்தது. அம்மா பத்தாவது படிக்கும்வரை கோ-கோ ஆடியவர். மண்டல அளவில் ஜெயித்து ஒரு எவர்சில்வர் தட்டு வாங்கியிருக்கிறார். விளிம்பில் பெயரும் வருடமும் பொறித்திருக்கும். இன்றும் அந்தத் தட்டில்தான் அப்பா சாப்பிடுகிறார். பதினெட்டு வயதில் கல்யாணம். "ஆடணும்னு தோணலையா?" என்று ஒருமுறை கேட்டேன். "யாரும் ஆடாதன்னு சொல்லலடி. யாரும் ஆடுன்னும் சொல்லல" என்றார். சொல்லிவிட்டுச் சோற்றை வடிக்கப் போய்விட்டார்.

அம்மாவைத் தடுத்தவர்கள் யாரும் இல்லை. கூட நின்றவர்களும் யாரும் இல்லை.

"அந்தப் பொண்ணுக்கு அப்பாவே கோச்சு!"

பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். கரிநாள் அன்று மதியம், சாப்பிட்டுவிட்டு எல்லோரும் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். செல்போனில் அந்த இறுதிப்போட்டியின் வீடியோவைக் காட்டினேன். ஜோஷ்னாவின் கதையைச் சொன்னேன். தீபிகாவின் கதையைச் சொன்னேன். குட்டி வாயைத் திறந்துகொண்டு கேட்டாள். சித்தி முழுசாகக் கேட்டுவிட்டு ஒன்று சொன்னார்.

"எல்லாம் சரிதான். அந்தப் பொண்ணுக்கு அப்பாவே கோச்சு. இந்தப் பொண்ணுக்கு அம்மா இந்தியாவுக்கே ஆடினவங்க. கிளப்பு இருக்கு, காரு இருக்கு, தோத்துட்டு வந்தா சோறு இருக்கு. நம்ம புள்ளைக்கு என்னா இருக்கு?"

இதற்கு என்ன பதில் சொல்வது? சித்தி சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஸ்குவாஷ் ஆட முதலில் ஒரு கோர்ட் வேண்டும். எங்கள் இடைக்கழிநாடு பேரூராட்சியில் தென்னந்தோப்பு உண்டு, கடல் உண்டு, மாதா கோயில் உண்டு, மசூதி உண்டு. ஸ்குவாஷ் கோர்ட்டுக்கு நாங்கள் எங்கே போவோம்? வசதி ஒரு பெரிய கோச். அது இருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு இரண்டு முறை, மூன்று முறை தோற்க அனுமதி உண்டு. இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு ஒரே ஒரு முறை.

சென்னைக்குத் திரும்பும் பஸ்ஸிலும் அந்தக் கேள்வி கூடவே வந்தது. அப்பா கோச்சாக இல்லாதவர்கள் எப்படி வந்தார்கள்? தேட ஆரம்பித்தேன்.

கூட நின்றவர்கள்

சேத்துப்பட்டு பக்கம், பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நேரு பூங்கா என்று ஒரு விளையாட்டு வளாகம் இருக்கிறது. அங்கேதான் இந்தியன் ஸ்குவாஷ் அகாடமி. தமிழ்நாட்டுக்காரர்களுக்கே சரியாகத் தெரியாத அந்த இடத்துக்கு நாடு முழுவதிலிருந்தும் பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். தேசியப் பயிற்சியாளராக இருந்த சைரஸ் போன்சா 2005-ல் துரோணாச்சார்யா விருது வாங்கியவர். அவரோடு நின்றவர் மேஜர் எஸ்.மணியம். ஒரு தலைமுறை இந்திய வீரர்கள் இவர்கள் இருவர் கையில் வளர்ந்தவர்கள்.

அப்படி வந்தவர்தான் சௌரவ் கோஷல். கொல்கத்தாப் பையன். ஸ்குவாஷுக்காகச் சென்னைக்கு வந்தார். பாஷை வேறு, சாப்பாடு வேறு. 2004-ல் பிரிட்டிஷ் ஜூனியர் ஓபன் வென்றார், ஜூனியர் உலகத் தரவரிசையில் முதலிடம் பிடித்தார். பிறகு இங்கிலாந்தில் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் படிப்பு. பக்கத்தில் பாண்டிஃப்ராக்ட் என்ற சிறிய ஊர். அங்கே மால்கம் வில்ஸ்ட்ராப் என்ற பெரியவர் ஸ்குவாஷ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். சௌரவ் அவரிடம் போய்ச் சேர்ந்தார். மால்கமின் மகன் ஜேம்ஸ் உலகத்தின் முதலிடத்தைப் பிடித்த வீரர். அப்பாவின் கோர்ட்டில் மகனும், எங்கிருந்தோ வந்த இந்தியப் பையனும் சேர்ந்தே பயிற்சி எடுத்தார்கள்.

2021-ல் மால்கம் இறந்துபோனார். அடுத்த வருடம் பர்மிங்காம் காமன்வெல்த் போட்டி. வெண்கலப் பதக்கத்துக்கான ஆட்டத்தில் ஒரு பக்கம் சௌரவ், இன்னொரு பக்கம் ஜேம்ஸ் வில்ஸ்ட்ராப். குருவின் மகனும் குருவின் மாணவனும்! சௌரவ் ஜெயித்தார். காமன்வெல்த் ஸ்குவாஷில் ஒற்றையர் பிரிவில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது. சௌரவ் கோர்ட்டிலேயே அழுதுவிட்டார். 'கோச்' என்ற சொல்லுக்கு எனக்கு அர்த்தம் புரிந்தது இந்த இடத்தில்தான். சொந்த மகனுக்குச் சொல்லிக்கொடுத்த எல்லாவற்றையும், என்றாவது ஒருநாள் அவனையே தோற்கடிக்கக்கூடிய இன்னொருவருக்கும் ஒளிக்காமல் சொல்லிக்கொடுப்பவர்.

2025 உலகக்கோப்பை அணியில் இருந்த வேலவன் செந்தில்குமார் சேலத்தில் பிறந்தவர். ஸ்குவாஷ் அவரை அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகம்வரை கூட்டிப்போனது. அங்கேயெல்லாம் கல்லூரி அணிக்கு ஸ்குவாஷ் ஆட ஆள் தேடுகிறார்கள் என்பது நம் பெற்றோர் காதில் போடவேண்டிய செய்தி. அபய் சிங் சென்னை. 2023 ஹாங்சோவில் பாகிஸ்தானுக்கு எதிரான இறுதிப்போட்டி 1-1 என்று நின்றபோது, கடைசி செட்டில் 8-10 என்று தோற்கும் நிலையிலிருந்து 12-10 என்று திருப்பித் தங்கத்தைக் கொண்டுவந்தவர் இவர்தான்.

ஆடி முடித்தபின் என்ன? சித்தியின் அடுத்த கேள்வி அதுவாகத்தான் இருக்கும் என்று தெரியும். இந்தியாவின் முதல்நிலை வீரராக இருந்த ரித்விக் பட்டாச்சார்யா ஓய்வுக்குப் பிறகு மகாராஷ்டிராவில் பயிற்சி மையம் தொடங்கி அடுத்த தலைமுறையை வளர்க்கிறார். ஆடிய ஒவ்வொருவரும் உலகச் சாம்பியன் ஆவதில்லை. ஆனால், ஒழுங்காக ஆடிய ஒருவர் இன்னும் நூறு பேருக்குச் சொல்லிக்கொடுக்க முடியும். கோச், பிசியோ, நடுவர், உடற்கல்வி ஆசிரியர், விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை, ரயில்வே வேலை... ஆட்டத்தைச் சுற்றி ஒரு தெருவே இருக்கிறது. நாம் கோப்பை வைத்திருக்கும் கடைசி வீட்டை மட்டும்தான் பார்க்கிறோம்.

பி.டி மிஸ் என்கிற முதல் கோச்

குட்டியின் பி.டி மிஸ்ஸிடம் போனில் பேசினேன். அவர் விழுப்புரம் பக்கத்துக் கிராமத்துக்காரர். அவரும் வாலிபால் ஆடியவர்தான். மாநில அணிவரை போகவேண்டியவர், கணுக்கால் பிசகியதோடு நின்றுவிட்டது. பி.பி.எட் முடித்து வேலைக்கு வந்துவிட்டார். பள்ளியில் வாலிபால் நெட் கிழிந்தால் மீனவர் குப்பத்துப் பிள்ளைகளே வலை பின்னும் நூலால் தைத்துவிடுவார்களாம். "நெட்டு தைக்கிறதுக்கு இவங்கள அடிச்சிக்க ஆளே இல்ல" என்று சிரித்தார்.

"குட்டி உண்மையிலேயே நல்லா ஆடறாளா மிஸ்? இல்ல, உயரத்தப் பாத்துச் சொல்றீங்களா?"

"உயரம் நெறய பேருக்கு இருக்கு. இந்தப் பொண்ணு தோத்த மேட்ச்சுக்கு மறுநாள் காலையில ஆறரைக்கு கிரவுண்ட்ல நிக்கறா. அதான் சொல்றேன்" என்றார்.

செத்த பந்தைச் சுவரில் அடித்து அடித்துச் சூடாக்குவார்கள் என்று எழுதினேன் அல்லவா? அதை ஒரு ஆளால் செய்வது கஷ்டம். அடிக்க ஒருவர், திருப்பி அடிக்க ஒருவர். ஜோஷ்னாவுக்கு அது அப்பா. சௌரவுக்கு நேரு பூங்காவில் இரண்டு பேர், பாண்டிஃப்ராக்ட்டில் ஒரு பெரியவர். குட்டிக்குத் தினமும் ஆறரை மணிக்கு வந்து நிற்கும் ஒரு பி.டி மிஸ் இருக்கிறார். அம்மாவுக்கு யாரும் இல்லை.

'நம்ம புள்ளைக்கு என்னா இருக்கு?' என்று சித்தி கேட்டதற்கு என்னிடம் இருந்த பதில் இதுதான். கிளப் இல்லை, கார் இல்லை. ஒரு கோச் இருக்கிறார்.

ஒன்றையும் பெரிதாக்கிச் சொல்ல நான் விரும்பவில்லை. விடுதித் தேர்வுக்கு வரும் பிள்ளைகள் ஏராளம். குட்டி தேர்வாகாமல் போகலாம். தேர்வாகி, இரண்டு வருடத்தில் வீட்டு ஞாபகத்தில் திரும்பி வந்துவிடலாம். இந்தியாவுக்கு ஆடாமலே போகலாம். ஜோஷ்னாவின் கதை எனக்குச் சொன்னது 'எல்லோரும் ஜெயிக்கலாம்' என்று இல்லை. 14 வயதில் ஒருத்தி என்ன ஆவாள் என்று அந்த 14 வயதில் யாராலும் சொல்ல முடியாது. சொல்லத் தெரியாத ஒன்றை முடிவு செய்துவிடாதீர்கள் என்று மட்டும் கேட்கலாம்.

2023 அக்டோபரில் மும்பையில் கூடிய சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி, 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஸ்குவாஷைச் சேர்த்தது. ஒலிம்பிக் வரலாற்றில் முதல்முறை. ஜோஷ்னா 20 வருடத்துக்கும் மேல் ஆடியது ஒலிம்பிக் என்ற ஒன்றே இல்லாத ஆட்டத்தை. 2028-ல் அவருக்கு வயது 41 இருக்கும். அவர் போவாரோ, அனாஹத் போவாரோ, யார் போனாலும் அந்தக் கதவை இத்தனை வருடம் தட்டிக்கொண்டிருந்தவர்களில் ஜோஷ்னாவும் ஒருவர்.

போன வாரம் இதையெல்லாம் சித்தியிடம் போனில் சொன்னேன். மால்கம் கதையை மட்டும் இரண்டு முறை சொல்லச் சொன்னார். "பெத்த புள்ளைக்கு எதிரா நிக்கப் போறவனுக்கும் சொல்லிக் குடுத்தாரா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பின்னால் மிக்ஸி ஓடும் சத்தம் கேட்டது, நின்றது.

அம்மாதான் போனை வாங்கினார். எங்கள் வீட்டுக்கு மாவு அரைக்க வந்திருக்கிறார் சித்தி. "நான் பேசிக்கிறேன், நீ வேலையப் பாரு" என்றார் அம்மா. அக்காவும் தங்கச்சியும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. அன்று இரவு பத்து மணிக்குச் சித்தியிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது.

"ஏம்மா, அந்த ஹாஸ்டல்ல ஞாயித்துக்கிழமையில போயிப் பாக்க வுடுவாங்களா? கேட்டுச் சொல்லு."

கேட்டுக்கொண்டிருக்கிறேன்.